ரோட்டரி எஞ்சினைப் பிரித்துக் கட்டும்போது எதைக் கூடச் செய்வது, எதை விட்டுவிடுவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். வண்டி மாஸ்டாவின் எஃப்டி ஆர்எக்ஸ்-7 ஸ்போர்ட்ஸ் கார். எஞ்சின் 13பி-ஆர்இடபிள்யூ, அதாவது பிஸ்டனுக்குப் பதில் இரண்டு முக்கோண ரோட்டார்கள் சுழலும் ரோட்டரி எஞ்சின். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகை வந்தது, கூலன்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது, கடைசியில் ஒரு ரோட்டாரில் கம்ப்ரெஷனும் விழுந்தது. எஞ்சினைப் பிரித்துக் கட்டக் கொடுத்துவிட்டீர்கள். "எப்படியும் பிரிக்கப் போகிறோம், இதையும் சேர்த்துச் செய்துவிடலாமா?" என்று மெக்கானிக் ஒரு பட்டியல் நீட்டியிருக்கிறார்: வேறு நிறுவன ஏபெக்ஸ் சீல் (ரோட்டாரின் முனையில் உட்காரும் சீல்), ஸ்ட்ரீட் போர்ட் (காற்றும் புகையும் போய்வரும் வழிகளைப் பெரிதாக்குவது), கூடுதல் டோவல், ஸ்டட், ரேஸ் பேரிங், ரோட்டார் பாலன்சிங், பெரிய ஆயில் ஜெட், ஆயில் மீட்டரிங் பம்பைக் கழற்றுவது, லேசான ஃப்ளைவீல். வண்டி பெரும்பாலும் சாலையில் ஓடும், எப்போதாவது ட்ராக் போகும். ஒரிஜினல் இரட்டை டர்போ அப்படியே இருக்கும். இதில் எதற்குச் சரி சொல்வது என்பது உங்கள் கேள்வி.

அந்தப் பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். கூலன்ட் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. உங்கள் எஞ்சின் செத்ததோ கூலன்ட் சீலில். பவர் ஏற்ற நினைப்பவருக்குப் பொருந்தும் பட்டியலை, சூட்டில் எஞ்சினை இழந்த உங்களுக்குத் தந்திருக்கிறார். மெக்கானிக்கைக் குறை சொல்லவில்லை. ரோட்டரி வேலை செய்பவர்களிடம் வரும் பாதிப் பேர் பவர் கேட்டுத்தான் வருகிறார்கள், அந்தப் பழக்கத்தில் வந்த பட்டியல் அது. ஆனால் உங்கள் பணம் முதலில் போக வேண்டிய இடம் வேறு.

இந்த மாதிரி வேலைகளை நான் மூன்றாகப் பிரித்துப் பார்ப்பேன். எஞ்சின் அடுக்கே பிரிந்து கிடக்கும்போது மட்டும் செய்ய முடிந்தவை முதல் வகை. எஞ்சின் வண்டியை விட்டு வெளியே இருக்கும்போது எளிதாகவும், உள்ளே இருக்கும்போது நரகமாகவும் இருப்பவை இரண்டாம் வகை. எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளக்கூடியவை மூன்றாம் வகை. சுவரைப் பூசும் முன்பே உள்ளே போகும் குழாயைப் பார்த்துவிட வேண்டும், பெயின்ட் நிறத்தை அப்புறம் முடிவு செய்யலாம். ஆனால் முதல் வகையில் இருப்பதாலேயே ஒன்று தேவையாகிவிடாது. "இப்போது விட்டால் முடியாது" என்ற வாதத்தில்தான் நிறைய பேர் தேவையில்லாத செலவு செய்கிறார்கள்.

சரி, சூட்டிலிருந்து ஆரம்பிப்போம். 13பி எஞ்சின் ஐந்து துண்டுகள் கொண்ட ஓர் அடுக்கு: முன் சைடு ஹவுசிங், ஒரு ரோட்டார் ஹவுசிங், நடு ஹவுசிங், இன்னொரு ரோட்டார் ஹவுசிங், பின் சைடு ஹவுசிங். நீளமான டென்ஷன் போல்ட்டுகள் இவ்வளவையும் சேர்த்து இறுக்கிப் பிடிக்கின்றன. சைடு ஹவுசிங்குகள் வார்ப்பிரும்பு. ரோட்டார் ஹவுசிங் அலுமினியம், அதன் உள்முகத்தில் எஃகுத் தகடு, அதன்மேல் குரோம் பூச்சு. சூடேறும்போது அலுமினியம் இரும்பைவிட அதிகமாக விரியும். போதாததற்கு, ரோட்டரியில் எரிதல் எப்போதும் ஒரே பக்கத்தில்தான் நடக்கிறது. ஸ்பார்க் பிளக் பக்கம் கொதிக்கும், இன்டேக் பக்கம் ஒப்பீட்டில் குளிர்ந்தே இருக்கும். பிஸ்டன் எஞ்சினில் குளிர்ந்த காற்றும் எரியும் வாயுவும் ஒரே சிலிண்டருக்குள் மாறி மாறி வந்து சூட்டைக் கொஞ்சம் சமன் செய்கின்றன, இங்கே அந்த வசதி இல்லை. இந்த இரண்டு உலோகங்களுக்கு நடுவில் நசுங்கிக் கிடக்கும் ரப்பர் வளையம்தான் கூலன்ட் சீல். ஒருமுறை நன்றாக ஓவர்ஹீட் ஆனாலே அது கெட்டியாகி, மறுபடி விரிந்து இடத்தை நிரப்பும் குணத்தை இழந்துவிடும். அதன்பிறகு எரியும் வாயு கூலன்டுக்குள் போகும், கூலன்ட் அறைக்குள் கசியும். நீங்கள் பார்த்த வெள்ளைப் புகை இதுதான்.

இங்கே "எந்த பிராண்ட் சீல் போடலாம்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரிஜினல் ரப்பர், சிலிக்கான், வைட்டான், டெஃப்லான் உறையிட்டது என்று பலவும் கிடைக்கின்றன. என் கருத்தில், ஓவர்ஹீட் ஆகாத வண்டியில் ஒரிஜினல் சீலே வருடக்கணக்கில் நிற்கும், ஓவர்ஹீட் ஆகும் வண்டியில் எதுவும் நிற்காது. சீலைவிட முக்கியம் அது உட்காரும் பள்ளம். எஃப்டியில் அந்தப் பள்ளம் சைடு ஹவுசிங்கில் இருக்கிறது. பள்ளத்துக்கும் எரிதல் அறைக்கும் நடுவில் இருப்பது மெல்லிய ஒரு சுவர். அதில் விரிசலோ துருப்பிடித்த பள்ளமோ இருந்தால் எந்தச் சீலும் காப்பாற்றாது, அந்த ஹவுசிங்கை மாற்றத்தான் வேண்டும். மெக்கானிக்கிடம் முதலில் கேட்க வேண்டியது இந்தப் படத்தைத்தான்: மூன்று சைடு ஹவுசிங்குகளையும் நன்றாகக் கழுவி, சீல் பள்ளத்தின் உள்சுவரை, முக்கியமாக ஸ்பார்க் பிளக் பக்கம், கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அதோடு அளவுகளும் வேண்டும். சைடு ஹவுசிங்கில் சீல்கள் தேய்த்துத் தேய்த்து ஒரு படி உருவாகும். மாஸ்டாவின் வரம்பு 0.10 மில்லிமீட்டர். வளைவுக்கு வரம்பு 0.04 மில்லிமீட்டர். இதைத் தாண்டினால் மூன்று வழி: புதியது வாங்குவது, நல்ல நிலையில் உள்ள பழையது தேடுவது, இருப்பதை லேப்பிங் செய்து சமதளமாக்குவது. லேப்பிங் செய்தால் மேலே இருக்கும் கடினமான நைட்ரைடு அடுக்கு போய்விடும் என்பதை மறக்கக் கூடாது. அடியில் இருக்கும் மெத்தென்ற இரும்பில் தேய்மானம் வேகமாக இருக்கும். சில பட்டறைகள் லேப்பிங்குக்குப் பிறகு மறுபடி நைட்ரைடு செய்து தருகின்றன. அப்படிச் செய்தால் நல்லது. செய்யாவிட்டாலும் சாலை வண்டிக்கு ஓடத்தான் ஓடும், புதியதன் ஆயுளை எதிர்பார்க்காதீர்கள், அவ்வளவுதான்.

ரோட்டார் ஹவுசிங்கில் பார்க்க வேண்டியது குரோம். ஓரங்களில் லேசாக உரிந்திருப்பது பழைய ஹவுசிங்கில் சகஜம். ஏபெக்ஸ் சீல் ஓடும் நடுப்பகுதியில் விரல் நகம் தட்டுகிற மாதிரி கோடு விழுந்திருந்தால், அதன்மேல் உலகத்திலேயே உயர்ந்த சீலைப் போட்டாலும் கம்ப்ரெஷன் வராது. ஆக, பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்தப் பணத்தில் ஒரு நல்ல ஹவுசிங் வாங்கினாலும் எஞ்சின் நீண்ட நாள் ஓடும். என்ன, "புது ஹவுசிங் போட்டேன்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. எக்ஸாஸ்ட் சத்தம் மாறவும் மாறாது.

இனி ஏபெக்ஸ் சீல். எல்லோருக்கும் பிடித்த சண்டை இதுதான், கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

ஒரு ரோட்டாருக்கு மூன்று முனை, ஆக இரண்டு ரோட்டாருக்கு ஆறு சீல். உங்கள் எஞ்சினில் இருப்பவை 2 மில்லிமீட்டர் தடிமன் கொண்டவை. பழைய 12ஏ எஞ்சின்களிலும் ஆரம்பகால 13பியிலும் இருந்தவை 3 மில்லிமீட்டர். மாஸ்டாவின் ஒரிஜினல் சீல் கடினமானது. மெதுவாகத் தேயும், குரோமையும் அதிகம் சீண்டாது. அதன் பலவீனம் டெட்டனேஷன். எரிபொருள் சீராக எரியாமல் கட்டுப்பாடின்றி வெடிக்கும் அந்த அடியில் அது உடைந்து சிதறும். சிதறிய துண்டு ரோட்டாரை வடுவாக்கும், ஹவுசிங்கின் குரோமைக் கீறும், எக்ஸாஸ்ட் போர்ட் வழியாக வெளியே போய் டர்போவின் டர்பைன் இறக்கையையும் கடிக்கும். ஒரு சீல் உடைந்தால் போகும் செலவு சீலின் விலையல்ல.

இதற்கு மாற்றாக வெளி நிறுவனங்கள் செய்யும் சீல்கள் பெரும்பாலும் இளகிய உலோகக் கலவைகள். அடி விழுந்தால் உடையாமல் வளையும். கம்ப்ரெஷன் போய்விடும், ஆனால் ஹவுசிங்கும் டர்போவும் பிழைக்க வாய்ப்பு அதிகம். பதிலுக்கு நீங்கள் கொடுப்பது ஆயுள். சில வகைகள் தாங்களே சீக்கிரம் தேயும், சில வகைகள் குரோமைத் தின்னும். எது எப்படி என்பது கலவையைப் பொறுத்தது. அதனால் "வெளி சீல் நல்லதா?" என்று பொதுவாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. உங்கள் மெக்கானிக் எந்தச் சீலைப் போட்டு, அதே எஞ்சினைச் சில வருடம் கழித்துப் பிரித்துப் பார்த்திருக்கிறாரோ, அந்தச் சீலைப் பற்றி மட்டும் அவர் பேச்சுக்கு மதிப்பு கொடுங்கள். புதிதாக வந்த ஒன்றை உங்கள் எஞ்சினில் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

ஒரிஜினல் டர்போ, ஒரிஜினல் பூஸ்ட் (டர்போ காற்றைத் திணிக்கும் அழுத்தம்), நல்ல ட்யூனிங், கெட்ட பெட்ரோல் போடாத பழக்கம் இவையெல்லாம் இருந்தால் நான் ஒரிஜினல் சீலைத்தான் போடுவேன். நாளைக்கு பூஸ்டை ஏற்றுவேன், ட்யூனிங்கில் பரிசோதனை செய்வேன் என்றால் வளையும் வகைச் சீல் ஒரு காப்பீடு மாதிரி. ஆனால் காரணத்தைத் தெளிவாகச் சொல்லிக்கொள்ளுங்கள்: அது பவர் தராது, தப்பு நடந்தால் சேதத்தைக் குறைக்கும்.

யாராவது 3 மில்லிமீட்டர் சீலுக்குப் பள்ளம் வெட்டலாம் என்றால் உடனே சம்மதிக்காதீர்கள். ரோட்டாரின் பள்ளத்தை ஒருமுறை வெட்டி அகலமாக்கினால் பழையபடி 2 மில்லிமீட்டருக்குத் திரும்ப வழியில்லை. தடித்த சீல் உறுதியானது, உண்மை. ஆனால் எடையும் கூடுகிறது. பள்ளம் ஏற்கனவே தேய்ந்துபோய் ரோட்டாரைத் தூக்கிப் போடும் நிலைமையில், அந்த ரோட்டாரைக் காப்பாற்ற இது நல்ல வழி. நல்ல ரோட்டாரை வெட்டுவதற்கு உங்கள் வண்டியில் காரணமே இல்லை.

செராமிக் சீல் பற்றியும் யாராவது காதில் போடுவார்கள். 1991-இல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜெயித்த மாஸ்டா 787பி-யின் நான்கு ரோட்டார் ஆர்26பி எஞ்சினில் செராமிக் ஏபெக்ஸ் சீல்தான் இருந்தது. லேசானது, தேய்மானம் மிகக் குறைவு. அந்த எஞ்சினைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ள ஒரு தொழிற்சாலையே பின்னால் நின்றது. சாலையில் ஓடும் டர்போ வண்டியில் ஒரு டெட்டனேஷன் வந்தால் செராமிக் வளையாது. விலையைக் கேட்ட பிறகு பெரும்பாலும் இந்தப் பேச்சே நின்றுவிடும்.

சீலைப் பற்றி இவ்வளவு பேசினாலும், கம்ப்ரெஷனை உண்மையில் தீர்மானிப்பது பொருத்தும் கை. ரோட்டாரின் பக்கவாட்டில் இருக்கும் சைடு சீலின் நுனிக்கும் அதன் மூலையில் இருக்கும் கார்னர் சீலுக்கும் நடுவில் விட வேண்டிய இடைவெளி 0.05 முதல் 0.15 மில்லிமீட்டர். ஒவ்வொரு சைடு சீலையும் அது போகப்போகும் பள்ளத்தில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ராவி, ஃபீலர் கேஜ் வைத்து அளந்து பொருத்த வேண்டும். இரண்டு ரோட்டாரிலும் சேர்த்து பன்னிரண்டு சைடு சீல். சலிப்பான வேலை. அவசரக்காரர் எல்லாவற்றையும் தாராளமாக ராவிவிட்டுப் போவார். இடைவெளியைக் கீழ்வரம்பை ஒட்டி வைப்பவரிடம் கட்டிய எஞ்சின் ஸ்டார்ட் ஆவதிலேயே வித்தியாசம் தெரியும். சீல் ஸ்பிரிங்குகளை யாரும் பழையது போட வேண்டாம், சூட்டில் அவற்றின் விறைப்பு போயிருக்கும். ஆயில் கண்ட்ரோல் ரிங்கின் ரப்பர் வளையங்களும் அப்படித்தான். இவை விருப்பத் தேர்வே அல்ல, வேலையின் பகுதி.

போர்ட்டிங்குக்கு வருவோம். எஃப்டியில் இன்டேக் போர்ட்டுகள் சைடு ஹவுசிங்குகளில் இருக்கின்றன, எக்ஸாஸ்ட் போர்ட் ரோட்டார் ஹவுசிங்கில். வால்வோ கேம்ஷாஃப்ட்டோ கிடையாது. ரோட்டார் போர்ட்டை எப்போது திறந்து எப்போது மூடுகிறது என்பதே டைமிங். ஆகவே போர்ட்டின் வடிவத்தை ராவி மாற்றுவதும் பிஸ்டன் எஞ்சினில் கேம் மாற்றுவதும் ஒரே வேலை. இன்டேக் தாமதமாக மூடினால் பவர் மேல் ஆர்பிஎம்முக்கு நகரும். எக்ஸாஸ்ட் சீக்கிரம் திறந்தால் டர்போவுக்குச் சூடான வாயு போய் சீக்கிரம் சுழலும், அதே சூடு எக்ஸாஸ்ட் பக்கத்து உலோகத்துக்கும் போகும்.

ஸ்ட்ரீட் போர்ட் முதல் வகை வேலை, இப்போது விட்டால் அடுத்த முறை எஞ்சின் பிரியும்போதுதான். அதனால்தான் ஆசை வரும். ஆனால் ஒரிஜினல் இரட்டை டர்போவை வைத்துக்கொண்டு போர்ட்டைப் பெரிதாக்கி என்ன கிடைக்கும்? அந்தச் சிறிய டர்போக்கள் மேல் ஆர்பிஎம்மில் ஏற்கனவே மூச்சு வாங்குகின்றன. நீங்கள் மேலே நகர்த்தும் பவர், டர்போ தர முடியாத இடத்துக்கு நகர்கிறது. கூடவே எக்ஸாஸ்டில் ஓட்டம் கூடுவதால் பூஸ்டைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். எக்ஸாஸ்டைத் திறந்துவிட்ட எஃப்டிகளில் பூஸ்ட் தானாக ஏறிக்கொண்டே போவது பழைய கதை. உங்கள் நிலைமையில் நான் போர்ட்டைத் தொட மாட்டேன். வார்ப்பில் இருக்கும் பிசிறுகளைச் சுத்தம் செய்து, ஓரத்தை லேசாகச் சாய்த்துவிடச் சொல்வேன், அதோடு சரி.

செய்தே தீருவேன் என்றால் ஒன்று கவனியுங்கள். போர்ட்டை ஒரு பக்கம் அதிகம் நீட்டினால் கார்னர் சீலுக்கு அடியில் தாங்கல் இல்லாமல் போகும், இன்னொரு பக்கம் நீட்டினால் ஆயில் ரிங் ஓடும் பாதை வெட்டுப்படும், சைடு சீலின் நுனி போர்ட்டுக்குள் விழவும் வாய்ப்பு உண்டு. கிரைண்டர் ஒருமுறை வழுக்கினால் ஒரு ஹவுசிங் போச்சு. அளவுத் தகடு வைத்து வெட்டுபவரா, கண்ணளவில் வெட்டுபவரா என்று கேளுங்கள். போர்ட்டை இன்னும் பெரிதாக வெட்டும் பிரிட்ஜ் போர்ட் பற்றிப் பேச்சே வேண்டாம். ஐட்லிங்கில் துடிதுடிக்கும் அந்தச் சத்தம் எனக்கும் பிடிக்கும், சாலை வண்டியில் அதோடு வாழ முடியாது.

டோவலும் ஸ்டட்டும் பெரிய பவருக்கானவை. அடுக்கின் ஐந்து துண்டுகளையும் ஒன்றுக்கொன்று நகராமல் பிடிப்பவை சில டோவல் பின்கள். டார்க் கூடும்போது அந்த அடுக்கு முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். அப்போது பின் சைடு ஹவுசிங்கில் டோவல் உட்காரும் இடத்தில் விரிசல் விழுவது 13பி டர்போவின் பிரபலமான நோய். அதற்கு மருந்தாகத்தான் கூடுதல் டோவல் போடுகிறார்கள், டென்ஷன் போல்ட்டுக்குப் பதில் தடித்த ஸ்டட் மாட்டுகிறார்கள். பொதுவாக இந்தப் பேச்சு 450, 500 குதிரைத்திறன் பக்கம் போகும்போதுதான் வரும். எஃப்டி 1990-களில் அமெரிக்காவில் வந்தபோது 255 குதிரைத்திறன். அந்த அளவுக்கும் அதற்குச் சற்று மேலேயும் தொழிற்சாலை அமைப்பே தாராளமாகப் போதும். ஐந்து துண்டிலும் துளை ஒரே நேர்கோட்டில் விழாவிட்டால், இல்லாத சிக்கலை நாமே உண்டாக்கியதாகும். வேண்டாம். டென்ஷன் போல்ட்டுகளின் சீலிங் வாஷர்களைப் புதிதாகப் போட்டால் போதும்.

ரேஸ் பேரிங், பாலன்சிங், ரோட்டார் கிளியரன்சிங் (ஹவுசிங்கில் உரசாதபடி ரோட்டாரின் ஓரத்தைச் சீவுவது) மூன்றும் உயர்ந்த ஆர்பிஎம்முக்கானவை. எஃப்டியின் சிவப்புக் கோடு 8000. அதைத் தாண்டப் போவதில்லை என்றால் நல்ல நிலையில் உள்ள ஒரிஜினல் பேரிங்கே சரி, தேய்ந்திருந்தால் புதிய ஒரிஜினல். பாலன்சிங் மட்டும் ஒரு சூழ்நிலையில் கட்டாயம்: ரோட்டார் மாற்றினால். வெவ்வேறு வருடத்து ரோட்டார்களின் எடையும் கம்ப்ரெஷன் விகிதமும் வேறு, அதற்கேற்ற கவுன்டர்வெயிட்டும் (சமன் செய்யும் எதிர் எடை) வேறு. உங்கள் இரண்டு ரோட்டாரும் பிழைத்திருந்தால் தொழிற்சாலை பாலன்ஸே இருக்கட்டும். ரோட்டார்கள் சுழற்றும் மைய அச்சான எக்சென்ட்ரிக் ஷாஃப்ட்டின் எண்டு பிளே (முன்பின் ஆட்டம்) 0.04 முதல் 0.07 மில்லிமீட்டருக்குள் வந்ததா என்று கேட்பது இந்த மூன்றையும்விடப் பயனுள்ள கேள்வி.

ஆயில் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் ரோட்டாரின் உட்புறத்தைக் குளிர்விப்பது கூலன்ட் அல்ல, ஆயில். எக்சென்ட்ரிக் ஷாஃப்ட்டில் உள்ள ஜெட்டுகள் ரோட்டாருக்குள் ஆயிலைப் பீய்ச்சுகின்றன. ஷாஃப்ட்டின் முன்பக்கம் தெர்மல் பெல்லட் என்று ஒரு சின்ன உருப்படி இருக்கும். எஞ்சின் குளிராக இருக்கும்போது ரோட்டாருக்குப் போகும் ஆயிலைக் குறைத்து, சீக்கிரம் சூடாக விடுவது அதன் வேலை. பழசாகி அது செயலிழந்தால் சூடான பிறகும் ரோட்டாருக்குப் போதிய ஆயில் போகாது. அதற்குப் பதில் திடமான ஒரு துண்டைப் போட்டுவிட்டால் எப்போதும் முழு ஆயில் போகும். எஞ்சின் சூடாகக் கொஞ்சம் நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான் நஷ்டம். விலை அற்பம், பட்டியலில் இதைச் சேர்க்கச் சொல்லுங்கள். பெரிய ஆயில் ஜெட் ட்ராக்கிலேயே வாழும் வண்டிக்கு. உங்களுக்கு அதைவிடப் பயன் தருவது இரண்டாவது ஆயில் கூலர். எஃப்டியில் சில வகைகளுக்கு ஒரே கூலர், ஆர்1 போன்ற வகைகளுக்கு இரண்டு. உங்களுடையது ஒற்றை என்றால் ட்ராக் போகும் முன் இன்னொன்றை மாட்டுங்கள். அது மூன்றாம் வகை வேலை, எஞ்சின் ஓடிய பிறகும் செய்யலாம்.

ஆயில் மீட்டரிங் பம்பைக் கழற்றுவதற்கு என் பதில் உறுதியாக வேண்டாம். ஏபெக்ஸ் சீலுக்கு ஆயில் கொடுப்பது அந்தப் பம்ப். கழற்றிவிட்டு பெட்ரோலில் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்து ஓட்டலாம் என்பார்கள். முறை சரிதான், ஆனால் ஒருநாள் அவசரத்தில் கலக்க மறந்தாலோ, வேறொருவர் பெட்ரோல் போட்டாலோ சீல் உலர்ந்து ஓடும். தவிர எஃப்டியில் அது மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்குவது. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஒரிஜினல் இசியு அதைக் காணாவிட்டால் எஞ்சினைப் பாதுகாப்பு நிலைக்குத் தள்ளிவிடும். பம்பை வைத்துக்கொள்ளுங்கள். காலத்தில் நொறுங்கிப்போகும் அதன் பிளாஸ்டிக் குழாய்களைப் புதிதாக்குங்கள். கூடுதலாக லிட்டருக்கு 4 மில்லிலிட்டர் அளவில் சுத்தமாக எரியும் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்தால் இரட்டைப் பாதுகாப்பு. பம்பே இல்லாதவர்கள் 8 மில்லிலிட்டர் வரை போவார்கள்.

லேசான ஃப்ளைவீல் உங்கள் இஷ்டம். கிளட்ச் எப்படியும் வெளியே இருப்பதால் கூலி மிச்சம். ஒரிஜினல் ஃப்ளைவீலிலேயே பின்பக்க கவுன்டர்வெயிட் சேர்ந்திருக்கிறது. லேசானது போட்டால் தனியாகக் கவுன்டர்வெயிட் வாங்க வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள். நெரிசலில் ஓட்டுபவருக்கு லேசான ஃப்ளைவீல் எரிச்சல்.

பட்டியலில் இல்லாத, நான் முதலில் போடும் விஷயங்கள் இனிமேல்தான். இவை பெரும்பாலும் இரண்டாம் வகை. முதலாவது, பெட்ரோல் அழுத்தத்தின் துடிப்பைத் தணிக்கும் ஃப்யூவல் பல்சேஷன் டாம்பர். இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் இதன் சவ்வு கிழிந்தால் பெட்ரோல் சூடான எஞ்சின் மேல் கசியும். எஃப்டிகள் தீப்பிடித்ததற்கு இது ஒரு பேர்போன காரணம். அங்கே இருக்கும் ரப்பர் ஃப்யூவல் குழாய்களும் அதே வயது. எஞ்சின் உள்ளே போன பிறகு அதை அடைய மேனிஃபோல்டையே கழற்ற வேண்டும். எதற்குப் பணமில்லாவிட்டாலும் இதற்கு ஒதுக்குங்கள்.

அப்புறம் இரட்டை டர்போவை இயக்கும் வேக்கம் குழாய்க் காடு. வரிசைமுறையில் ஒரு டர்போவிலிருந்து இரண்டுக்கு மாறுவதற்கு ஏகப்பட்ட சாலினாய்டு, செக் வால்வு, மெல்லிய குழாய்கள். சூட்டில் அவை மரக்குச்சி மாதிரி ஆகியிருக்கும். அதே விட்டத்தில் சிலிக்கான் குழாய் போட்டு, ஒவ்வொரு சாலினாய்டையும் மேஜைமேல் வைத்துச் சோதித்துப் பொருத்தச் சொல்லுங்கள். எஞ்சின் ஹார்னஸில் நொறுங்கிய கனெக்டர்களையும் அதோடு பார்க்கலாம். இன்ஜெக்டர்களைக் கழுவி ஓட்டம் அளந்து பொருத்துவது கட்டாயம். ஒரு இன்ஜெக்டர் பாதி அடைபட்டிருந்தால் அந்த ரோட்டார் பெட்ரோல் பற்றாமல் லீனாக ஓடி, நீங்கள் காசு கொட்டி வாங்கிய சீலை உடைக்கும்.

கூலிங்கில்: கூலன்டிலிருந்து காற்றைப் பிரிக்கும் பிளாஸ்டிக் ஏர் செபரேஷன் டாங்கியை அலுமினியத்துக்கு மாற்றுங்கள், அது விரிசல் விட்டுக் கூலன்டைத் துப்பும். ரேடியேட்டர் பழையது என்றால் அதன் பிளாஸ்டிக் தொட்டியையும் நம்பாதீர்கள். வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், பிரஷர் கேப், எல்லா ஹோஸும் புதிது. ஒரிஜினல் அமைப்பில் ஃபேன் சுற்ற ஆரம்பிப்பதே 105 டிகிரி பக்கம், அதைக் கொஞ்சம் முன்கூட்டியே சுற்ற வைக்கலாம். டாஷ்போர்டில் உள்ள டெம்பரேச்சர் முள்ளையும் நம்ப வேண்டாம். அகலமான ஒரு வெப்ப வரம்பு முழுவதும் அது நடுவிலேயே நிற்கும். நகர ஆரம்பிக்கும்போது ஏற்கனவே தாமதமாகியிருக்கும். எண்ணில் காட்டும் ஒரு கேஜ் மாட்டியிருந்தால் உங்கள் பழைய எஞ்சினே ஒருவேளை தப்பித்திருக்கலாம்.

ட்யூனிங்குக்கும் கொஞ்சம் பணம் வைத்திருங்கள். ஏர் ஃபில்டரும் டவுன்பைப்பும் எக்ஸாஸ்டும் மாற்றிய வண்டி என்றால், ஒரிஜினல் இசியு அந்தக் கூடுதல் காற்றுக்கு ஏற்ப எரிபொருளைச் சரிசெய்துகொள்ளாது. சாஃப்ட்வேர் மாற்ற முடிந்த ஒரு இசியுவும், வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சாரும், ரோட்டரி தெரிந்த ட்யூனரும் வேண்டும். எஞ்சின் முழுவதும் ஒரிஜினல் அமைப்பிலேயே இருந்தால் இந்தச் செலவு தேவையில்லை, எரிபொருள் பம்பின் அழுத்தத்தை மட்டும் சோதியுங்கள்.

வேலை முடிந்து வண்டியை மெக்கானிக்கிடமிருந்து திரும்ப வாங்கும்போது கம்ப்ரெஷன் அறிக்கை கேளுங்கள். ரோட்டரிக்கென்று இருக்கும் டெஸ்டரில் எடுத்ததாக இருக்க வேண்டும். ஒவ்வொரு ரோட்டாரின் மூன்று முகங்களையும் தனித்தனியே காட்டி, 250 ஆர்பிஎம்முக்குச் சரிசெய்த எண்கள். சாதாரண பிஸ்டன் கேஜ் மூன்று முகங்களில் உயர்ந்ததை மட்டும் காட்டிவிட்டு, செத்த முகத்தை மறைத்துவிடும். புதுச் சீல்கள் ஹவுசிங்கில் உட்கார்ந்து பழகும் வரை எண்கள் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். முதல் 1500 கிலோமீட்டர் பூஸ்ட் ஏற்றாமல் ஓட்டி, ஆயில் மாற்றி, மறுபடி அளந்தால் உயர்ந்திருக்கும்.

நான் சொன்ன இவ்வளவும் "ஒரிஜினல் இரட்டை டர்போ அப்படியே இருக்கும்" என்ற உங்கள் ஒரு வாக்கியத்தின்மேல் நிற்கிறது. மனதின் மூலையில் ஓரிரு வருடத்தில் ஒரு பெரிய ஒற்றை டர்போ இருக்கிறது என்றால் போர்ட்டுக்கும் ஸ்டட்டுக்கும் டோவலுக்கும் என் பதில் மாறிவிடும். அப்போது அவற்றை இப்போதே செய்வதுதான் மலிவு, சீல் தேர்வும் வளையும் வகைக்குப் போகும். அந்த முடிவை ஹவுசிங்குகள் மெஷின் ஷாப்புக்குப் போகும் முன் மெக்கானிக்கிடம் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு சொன்னால் அதே கூலியை இரண்டு முறை கொடுப்பீர்கள்.